முதலீட்டாளர் சொன்ன கருத்துகளைக் கொண்டு தொழில் திட்டத்தைத் திருத்துவது எப்படி: டர்பன் சிறுதொழில் முனைவோருக்கான முழுமையான வழிகாட்டி

முதலீட்டாளரைச் சந்தித்துவிட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் அன்றிரவே கணினியைத் திறந்து, திட்டத்தின் முதல் பக்கத்திலுள்ள சுருக்கத்தை மாற்றி எழுதத் தொடங்குகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் திட்டம் எழுத உதவி கேட்டு வருபவர்களிடம் நான் அடிக்கடி காணும் முதல் தடுமாற்றம் இதுதான். சுருக்கம் என்பது திட்டத்தில் கடைசியாக முடிவாக வேண்டிய பகுதி. அதற்குப் பின்னாலுள்ள எண்கள் மாறாமல் அதை மாற்றினால், அடுத்த சந்திப்பில் முதல் பக்கம் ஒன்று சொல்லும், பதினைந்தாம் பக்கம் வேறொன்று சொல்லும்.

கருத்தைக் கேட்டதிலிருந்து திருத்திய திட்டத்தைத் திரும்பக் கொடுப்பது வரை என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். விளக்கத்துக்கு ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பயன்படுத்துகிறேன்: சாட்ஸ்வர்த்தில் மசாலாத் தூள் அரைத்து, பொட்டலமிட்டுக் கடைகளுக்குக் கொடுக்க நினைக்கும் ஒரு குடும்பத் தொழில். அதன் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் அமைத்தவை.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, முதலீட்டாளருக்கு அனுப்பிய அதே பிரதி. கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, அதைத் தொடாமல் தனியே வைத்துவிடுங்கள். அவர் "எட்டாம் பக்கத்தில் நீங்கள் சொன்னது" என்று பேசும்போது, உங்கள் எட்டாம் பக்கமும் அவருடைய எட்டாம் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அனுமானத் தாள். விற்பனை விலை, மாத விற்பனை, கடைக்காரர் பணம் தரும் நாள் கணக்கு, மூலப்பொருள் விலை, கூலி, வாடகை, மின்சாரம் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதி, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள். "விலைப்புள்ளி", "கடைக்காரர் வாய்மொழி", "என் ஊகம்" என்று உண்மையைச் சொல்லும் மூன்று சொற்கள் போதும். இந்தத் தாள் இல்லாத திட்டத்தில் முதலீட்டாளரின் கருத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றே தெரியாது.

மூன்றாவது, சூத்திரங்களால் இணைந்த எக்செல் கணக்கு. எண்களைக் கையால் தட்டிவைத்த அட்டவணையில் விலையை இரண்டு ராண்ட் குறைத்தால் வேறெதுவும் அசையாது; பிழை அங்கேதான் பிறக்கிறது.

நான்காவது, அடிப்படைக் காகிதங்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் சிஐபிசி ஆணையத்தின் பதிவுச் சான்று, வரித்துறையான சார்ஸின் வரி இணக்கச் சான்று, இடத்தின் வாடகை ஒப்பந்தம், உணவுத் தொழிலானால் உணவு தயாரிக்கும் இடத்துக்கு நகராட்சி வழங்கும் தகுதிச் சான்றிதழ். இவை இல்லையென்றால் சந்திப்பின் பாதி நேரம் அவற்றைப் பற்றிய கேள்விகளிலேயே போய்விடும். திட்டத்தைப் பற்றிய உருப்படியான கருத்து கிடைக்காது.

2. அன்றைக்கே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்

சந்திப்பு முடிந்த அன்றே கருத்துப் பதிவேட்டை நிரப்புங்கள். நாள், சொன்னவர், அவர் சொன்ன சொற்கள், திட்டத்தில் எந்தப் பகுதி என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை முதலில் போதும். உங்கள் விளக்கத்தையோ மறுப்பையோ அதே பத்தியில் கலக்காதீர்கள். "சந்தையைப் புரிந்துகொள்ளவில்லை" என்று நீங்கள் எழுதி வைத்தது, உண்மையில் "இந்தக் கடைகளில் யாரிடமாவது பேசினீர்களா?" என்ற எளிய கேள்வியாக இருந்திருக்கலாம். கேள்வியைத் தீர்ப்பாக மாற்றி எழுதிக்கொண்டவர் பிறகு தீர்ப்புக்குத்தான் பதில் தேடுவார்.

முடிந்தால் இருவராகச் செல்லுங்கள்; ஒருவர் பேச, மற்றவர் எழுதட்டும். முன்வைப்பவரே எழுதவும் முயன்றால், தனக்குப் பிடிக்காத கருத்தைத்தான் முதலில் தவறவிடுவார்.

இரண்டு நாட்களுக்குள் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். நன்றி சொல்லி, நீங்கள் புரிந்துகொண்ட முக்கியமான மூன்று கருத்துகளை ஒவ்வொரு வரியில் எழுதி, சரியாகப் புரிந்துகொண்டோமா என்று கேளுங்கள். அதில் வாதம் வேண்டாம். பல நேரங்களில் இந்த ஒரு மின்னஞ்சலுக்கு வரும் பதில், ஒரு மணி நேரச் சந்திப்பில் கிடைத்ததைவிடத் தெளிவாக இருக்கும்.

3. யார் சொன்னார் என்பதைப் பாருங்கள்

ஒரே கருத்து, சொல்பவரைப் பொறுத்து வேறு பொருள் தரும். வங்கி அதிகாரி "விற்பனை எண் அதிகமாக இருக்கிறது" என்றால், மாதத் தவணை தவறுமோ என்பது அவர் கவலை. தொழிலில் பங்கு எடுக்கும் தனியார் முதலீட்டாளர் அதையே சொன்னால், தொழிலுக்கு நீங்கள் போடும் மதிப்பு கூடுதல் என்பது அவர் கணக்கு. சிறு நிறுவனங்களுக்குக் கடன் தருவதற்கென 2024-இல் பல அரசு அமைப்புகளை இணைத்து உருவாக்கிய செட்ஃபா போன்ற நிறுவனமானால், வேலைவாய்ப்பு, உரிமையாளர் விவரம் ஆகியவையும் சேர்ந்து பேசப்படும். ஆகவே பதிவேட்டில் ஐந்தாவது பத்தியாக, "இவர் எதை இழக்க அஞ்சுகிறார்?" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நம்மிடையே இன்னொரு வகை முதலீட்டாளர் உண்டு: உறவினரும், கோயில் குழுவில் பழகிய மூத்த வியாபாரியும். இவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்கு தம்பி, கொஞ்சம் செட்டில் ஆனதும் வாங்க, பேசலாம்" என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்புவார்கள். புதியவர்கள் இதைப் பாதிச் சம்மதமாக எழுதிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இது மறுப்பு; மரியாதையோடு சொல்லப்பட்ட மறுப்பு.

அதிலிருந்தும் பயன் எடுக்க வழி உண்டு. பணத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, "மாமா, பணத்தை விடுங்க. இதே தொழிலை உங்க மகன் தொடங்கினா, எதைச் செய்யாதேன்னு சொல்வீங்க?" என்று கேளுங்கள். கேள்வி தன்னைப் பற்றியதாக இல்லாதபோது அவர் மனம்விட்டுப் பேசுவார். மிளகாய் விலை எந்த மாதம் ஏறும், எந்தக் கடைக்காரர் பணத்தை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் வரும்.

4. கருத்துகளை வகைப்படுத்துங்கள்

எல்லாக் கருத்துகளுக்கும் ஒரே விதமாகப் பதில் தேடுவது நேர விரயம். பதிவேட்டிலுள்ள ஒவ்வொன்றுக்கும் கீழுள்ள வகைகளில் ஒன்றைக் குறியுங்கள்.

தகவல் பிழை: வரி விகிதம், சட்டம், விலை போன்றவை தவறாக இருப்பது. உடனே திருத்திவிடலாம். பழைய மாதிரித் திட்டங்களைப் பார்த்து எழுதுபவர்களிடம் இது அதிகம். எடுத்துக்காட்டாக, வருமான வரிச் சட்டத்தின் 12ஜே பிரிவின்கீழ் முதலீட்டாளருக்கு வரிச்சலுகை உண்டு என்று இன்னமும் சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சலுகை 2021 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. நிறுவன வருமான வரியை 28 விழுக்காடு என்றே வைத்திருக்கும் கணக்குகளும் வருகின்றன. அது 27 ஆகிவிட்டது. இத்தகைய ஒரு பிழை கண்ணில் பட்டாலே, மற்ற எண்களையும் படிப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அனுமானத்தின் மீதான ஐயம்: "மாதம் ஆறாயிரம் பொட்டலம் எப்படி விற்கும்?" என்பது போன்றவை. திட்டம் உண்மையில் மேம்படுவது இவற்றால்தான்.

விளக்கக் குறை: விவரம் திட்டத்தில் இருக்கிறது, ஆனால் அவர் கண்ணில் படவில்லை. "அதுதான் பதினோராம் பக்கத்தில் இருக்கிறதே" என்று சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். தேடியும் கிடைக்காத விவரம் படிப்பவரைப் பொறுத்தவரை இல்லாத விவரம்தான்.

பொருத்தமின்மை: அவர் இந்தத் துறையிலோ இந்த அளவிலோ முதலீடு செய்பவர் அல்லர். இதற்காகத் திட்டத்தில் எதையும் மாற்ற வேண்டாம், அடுத்தவரைத் தேடுங்கள்.

நிபந்தனை: "இது நடந்தால் பணம் தருவேன்" என்பது. இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணும் நாளும் இல்லாத நிபந்தனை வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.

5. ஒவ்வொரு ஐயத்தையும் அனுமானத் தாளின் ஒரு வரியோடு இணையுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் திட்டத்தைப் பத்துமுறை திருத்தியும் அதே இடத்தில் நிற்கிறார்கள். "ரொம்ப ஆசைப்படுகிறீர்கள்" என்பது அப்படியே வைத்துக்கொண்டு திருத்தக்கூடிய கருத்து அன்று. அது விற்பனை அளவைப் பற்றியதா, விலையைப் பற்றியதா, எத்தனை மாதத்தில் அந்த அளவை எட்டுவோம் என்பதைப் பற்றியதா என்று பிரித்து, அனுமானத் தாளில் அந்த வரியின் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்த வரியோடும் சேராத கருத்து இருந்தால், உங்கள் தாளில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

மசாலாத் திட்டத்தில் விற்பனை பன்னிரண்டு மாதமும் ஒரே அளவாகப் போடப்பட்டிருந்தது என்று வையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த முதலீட்டாளர் "பருவ ஏற்றத்தாழ்வே கிடையாதா?" என்று கேட்கிறார். எழுதியவருக்கோ புரட்டாசியில் நம் குடும்பங்கள் பலவும் இறைச்சியை விட்டுவிடுவதும், அதனால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இறைச்சி மசாலா தேங்கி, சைவச் சமையலுக்கான தூள்கள் ஓடுவதும், தீபாவளி நெருங்கும்போது எல்லாமே ஏறுவதும் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்திருப்பதாலேயே எழுத மறந்திருக்கிறார். நமக்குப் பழகிப்போனது வெளியாருக்குத் தெரியாது; தாளில் "பருவம்" என்ற வரியே இல்லாததை அந்தக் கேள்விதான் காட்டிக்கொடுக்கிறது. உற்பத்தி வகைகளை மாதவாரியாகப் பிரித்துப் போட்டால், குறையாகத் தெரிந்த அதே இடம் சந்தையை அறிந்தவர் எழுதிய திட்டம் என்பதற்குச் சான்றாகிவிடும்.

எதை முதலில் எடுப்பது என்பதற்கு நான் மூன்று கேள்விகளைப் பயன்படுத்துகிறேன். ஒருவரையொருவர் அறியாத இருவர் இதே கருத்தைச் சொன்னார்களா? சொன்னவர் இந்தத் தொழிலில் நேரடி அனுபவம் உள்ளவரா? இந்த எண் தவறானால் வங்கிக் கணக்கில் பணம் தீர்ந்துபோகுமா? மூன்றாவதற்கு "ஆம்" என்றால், ஒருவர் மட்டுமே சொல்லியிருந்தாலும் அதுதான் முதல் வேலை.

6. மாற்றுவதற்கு முன் வெளியே போய்ச் சரிபாருங்கள்

முதலீட்டாளர் சொல்வதும் ஓர் அனுமானம்தான். அவர் அனுபவசாலி என்பதால் உங்கள் எண்ணை அழித்துவிட்டு அவர் எண்ணைப் போட்டால், ஆதாரமில்லாத ஓர் எண்ணுக்குப் பதிலாக ஆதாரமில்லாத இன்னொரு எண் வரும். அடுத்த முதலீட்டாளர் அதையும் கேள்வி கேட்பார்.

விலையைப் பற்றிய ஐயமானால், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் கடைகளில் இப்போது அடுக்கிலுள்ள பொட்டலங்களின் எடையையும் விலையையும் குறித்துக்கொண்டு வாருங்கள். எடையைக் குறிக்காமல் விலையை மட்டும் எழுதுவது வழக்கமான பிழை. 200 கிராமையும் 250 கிராமையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

விற்பனை அளவைப் பற்றியதானால், கடைக்காரரிடம் "வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆம் என்பார்கள். "முதல் மாதம் எத்தனை பொட்டலம், என்ன விலைக்கு, எத்தனை நாளில் பணம்?" என்று கேட்டு, அதைக் கடையின் முத்திரையோடு ஒரு பக்கக் கடிதமாக வாங்குங்கள். அப்படிப்பட்ட ஐந்து கடிதங்கள், இணையத்திலிருந்து இறக்கிய நாற்பது பக்கச் சந்தை ஆய்வு அறிக்கையைவிட வலுவானவை.

செலவைப் பற்றியதானால், இரண்டு விற்பனையாளர்களிடமிருந்து எழுத்து வடிவிலான விலைப்புள்ளி பெற்று, அது எந்த நாள்வரை செல்லும் என்பதையும் தாளில் குறியுங்கள். இறக்குமதி இயந்திரமானால் ராண்டின் மதிப்பு மாறும்போது விலையும் மாறும்.

7. கணக்கை மேலிருந்து கீழாக மீண்டும் போடுங்கள்

வரிசை இது: விலையும் அளவும், பிறகு செலவு, பிறகு மாதவாரி ரொக்க வரவுசெலவு, பிறகு தேவைப்படும் மொத்தத் தொகை, கடைசியாகப் பங்கு. ஒவ்வொன்றும் முந்தையதைச் சார்ந்தது. இடையில் எங்காவது தொடங்கினால், மேலே ஏதேனும் மாறும்போது செய்த வேலை வீணாகும்.

எடுத்துக்காட்டில் குடும்பம் கேட்டது 5,00,000 ராண்ட்: அரைத்துப் பொட்டலமிடும் இயந்திரங்களுக்கு 3,50,000, சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்துக்கு 1,50,000. மாதம் 6,000 பொட்டலம், கடைக்குக் கொடுக்கும் விலை வரி நீங்கலாக 32 ராண்ட், ஆக மாத விற்பனை 1,92,000. ஒரு பொட்டலத்துக்கு மூலப்பொருளும் பையும் 17 ராண்ட், விநியோகம் 2 ராண்ட். கூலி, வாடகை, மின்சாரம் சேர்த்து மாதம் 50,000. பொட்டலத்துக்கு 13 ராண்ட் மிச்சம் என்றால் 78,000; அதில் 50,000 போக மாத லாபம் 28,000. திட்டத்தில் இதுவரை கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

முதலீட்டாளர் சொன்னது ஒரே வரி: "விற்பனையை எல்லாம் ரொக்கமாக எண்ணியிருக்கிறீர்கள்."

அனுமானத் தாளில் "பணம் வரும் நாள்" என்ற வரியில் பூஜ்யம் இருந்தது. கடைக்காரர்களைக் கேட்டபோது, பெரிய கடைகள் பில் கொடுத்து அறுபது நாள் கழித்தே பணம் தரும் என்பது தெரிந்தது. இப்போது மாதவாரியாகப் போடுவோம். விற்பனைக்கு முந்தைய மாதம் முதல் இருப்புக்கான மூலப்பொருள் 1,02,000. முதல் மாதம் அடுத்த இருப்புக்கு 1,02,000, விநியோகம் 12,000, மற்ற செலவு 50,000, ஆக 1,64,000. இரண்டாம் மாதமும் அதே 1,64,000. மூன்றாம் மாதத்தில்தான் முதல் மாதத்து விற்பனைப் பணம் உள்ளே வருகிறது. அதற்குள் வெளியே போனது 4,30,000 ராண்ட். இயந்திரத்தோடு சேர்த்தால் தேவை 7,80,000. கையில் 5,00,000 மட்டும் வாங்கியிருந்தால், லாபத்தில் ஓடும் தொழில் முதல் மாதம் முடிவதற்குள் கூலி கொடுக்கப் பணமில்லாமல் நின்றிருக்கும்.

வரியையும் மறந்துவிடக் கூடாது. மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்த நிறுவனம் பில் எழுதிய காலத்துக்கே 15 விழுக்காட்டைச் சார்ஸிடம் கணக்குக் காட்ட வேண்டும். கடைக்காரர் பணம் தந்துவிட்டாரா என்று அங்கே பார்க்க மாட்டார்கள். இரண்டு மாத விற்பனைக்கு அது 57,600 ராண்ட். கொள்முதலில் நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், மிச்சத்தைக் கட்டும் நாளை ரொக்கத் தாளில் ஒரு வரியாகப் போட்டே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் பிழை, 5,00,000-ஐ அழித்து 7,80,000 என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. கருத்து ஒரு எண்ணைச் சரிசெய்யச் சொல்கிறதா, விற்கும் முறையையே மாற்றச் சொல்கிறதா என்று யோசிக்க வேண்டும். பாதி விற்பனையைச் சிறிய மளிகைக் கடைகளுக்கு, சரக்கைக் கொடுத்தவுடன் பணம் என்ற முறையில் மாற்றினால் என்ன ஆகும்? அவர்கள் இரண்டு ராண்ட் தள்ளுபடி கேட்பார்கள். 3,000 பொட்டலம் 30 ராண்ட் வீதம் 90,000 ராண்ட் அந்தந்த மாதமே வந்துவிடும். முதல் இரண்டு மாதங்களின் பற்றாக்குறை 1,64,000-இலிருந்து 74,000 ஆகக் குறையும். ஆக நடைமுறை மூலதனம் 1,02,000, 74,000, 74,000 சேர்த்து 2,50,000. மொத்தத் தேவை 6,00,000. மாத லாபம் 28,000-இலிருந்து 22,000 ஆகிவிடும்.

எது சிறந்தது என்பது குடும்பத்தின் முடிவு. நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் மாதம் ஆறாயிரம் ராண்ட் லாபக் குறைவைத் தாங்கிக்கொள்ளலாம், முதல் ஆண்டில் ரொக்கம் தீர்வதைத் தாங்க முடியாது. எதைத் தேர்ந்தாலும் இரண்டு கணக்கையும் திட்டத்தின் பின்னிணைப்பில் வையுங்கள். ஒரு கருத்தைக் கேட்டு இவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதை முதலீட்டாளர் அங்கேதான் பார்க்கிறார். மேலும், மாத முடிவுக் கணக்கு மாதத்தின் நடுவில் ஏற்படும் பற்றாக்குறையைக் காட்டாது. முதல் மூன்று மாதங்களுக்காவது வாரக் கணக்குப் போடுவது நல்லது.

8. பங்குக் கணக்கைக் கடைசியாகத் தொடுங்கள்

தொகை முடிவான பிறகே பங்கைப் பேச முடியும். முதலீட்டுக்கு முந்தைய மதிப்பு 18,00,000 என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொண்டால், 6,00,000 சேர்ந்ததும் மொத்த மதிப்பு 24,00,000 ஆகும்; ஆகவே அதைப் பெறுவதற்கு 25 விழுக்காடு பங்கு போகும். 7,80,000 பெறுவதற்கு 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல் போகும். முந்தைய படியில் விற்கும் முறையை மாற்றியதன் பலன் இங்கேயும் தெரிகிறது.

குடும்ப நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2008-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, தனியார் நிறுவனம் புதிதாகப் பங்கு வெளியிடும்போது, நிறுவனத்தின் அமைப்பு ஆவணம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, இருக்கும் பங்குதாரர்களுக்கே முதல் உரிமை. பெயரளவுக்குப் பங்கு வைத்திருக்கும் அண்ணனிடமும் அக்காவிடமும் முன்கூட்டியே பேசி, எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். கையெழுத்துப் போடும் வாரத்தில் இந்தப் பேச்சைத் தொடங்கினால் உறவும் கெடும், ஒப்பந்தமும் தள்ளிப்போகும்.

கறுப்பின மக்களின் பொருளாதாரப் பங்கை உயர்த்துவதற்கான பி-பிபிஇஇ சட்டத்தின் மதிப்பீட்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தில் தென்னாப்பிரிக்க இந்தியரும் கறுப்பின மக்கள் என்ற வரையறைக்குள் வருகிறோம். ஆண்டு விற்பனை ஒரு கோடி ராண்டுக்கு மேல் போகாத நிறுவனம், பொது விதியின்படி, முழுவதும் கறுப்பின உரிமையில் இருந்தால் முதல் நிலையும், 51 விழுக்காடாவது இருந்தால் இரண்டாம் நிலையும், அதற்குக் குறைந்தால் நான்காம் நிலையும் பெறும். அந்த வரையறைக்குள் வராத முதலீட்டாளர் 25 விழுக்காடு எடுத்தால் நிலை ஒன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும். சரக்குத் தருபவரின் நிலையைப் பார்க்கும் பெரிய கடைகளுக்கு விற்க நினைப்பவர் இதைப் பங்கு பேசும்போதே சொல்லிவிட வேண்டும்.

9. ஆபத்துகள் பகுதியைப் புதுப்பியுங்கள்

டர்பன் அடங்கிய குவாசுலு-நட்டால் மாகாணத்தில் தொழில் செய்பவரிடம் 2021 ஜூலைக் கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் பற்றி நிச்சயம் கேட்பார்கள். "காப்பீடு எடுப்போம்" என்ற பதில் போதாது. கலவரச் சேதத்துக்கான காப்பீட்டைச் சாஸ்ரியா என்ற அரசு நிறுவனம்தான் தருகிறது. வழக்கமான வணிகக் காப்பீட்டில் அது தனியே சேர்க்கப்பட வேண்டியது. அதன் கட்டணத்தை விலைப்புள்ளியோடு செலவில் காட்டுங்கள். வெள்ளத்துக்கு, இடம் தாழ்வான பகுதியா என்பதையும் மூலப்பொருளைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதினால் போதும்.

மின்வெட்டைப் பற்றிய பகுதி 2023-இல் எழுதியதாக இருந்தால் மீண்டும் படியுங்கள். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு நிலைமை பெருமளவு மேம்பட்டுவிட்டது. ஜெனரேட்டருக்குப் போட்ட பழைய டீசல் செலவை அப்படியே விட்டுவைத்தால் திட்டம் தூசி படிந்ததாகத் தெரியும்.

10. இப்போது எழுத்தைத் திருத்துங்கள்

விற்பனை, உற்பத்தி, நிதி ஆகிய பகுதிகளை முதலில் மாற்றி, சுருக்கத்தைக் கடைசியாக எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணையும் எக்செல் தாளோடு ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சரிபார்க்க வேண்டும். பழைய 5,00,000 எங்காவது ஒரு மூலையில், பெரும்பாலும் முகவுரைக் கடிதத்தில், தங்கியிருக்கும்.

கருத்துக்குப் பதிலாகப் பத்திகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஐயம் தீர்ந்தால் பழைய பத்தி ஒன்று போக வேண்டும். இருபது பக்கத் திட்டம் மூன்று சந்திப்புக்குப் பிறகு முப்பத்தைந்து பக்கமாகியிருந்தால், அது தெளிவாகவில்லை, பருத்துவிட்டது.

11. முதலீட்டாளருக்குத் திரும்பச் சொல்லுங்கள்

திருத்திய திட்டத்தோடு ஒரு பக்கக் குறிப்பையும் இணையுங்கள். அவர் சொன்னது, நாங்கள் சரிபார்த்த விதம், மாற்றியது, எந்தப் பக்கம் என நான்கு பத்திகள். எடுத்துக்காட்டில் முதல் வரி இப்படி இருக்கும்: "விற்பனையை ரொக்கமாக எண்ணியுள்ளீர்கள் / ஐந்து கடைகளில் பணம் தரும் காலத்தைக் கேட்டுக் கடிதம் பெற்றோம் / பாதி விற்பனையை உடனடிப் பணத்துக்கு மாற்றினோம், தேவை 6,00,000 ஆனது / 12, 13-ஆம் பக்கங்கள்."

ஏற்காத கருத்துகளையும் அதில் எழுதுங்கள், காரணத்தோடு. "இணையத்தில் மட்டும் விற்கலாம் என்றீர்கள், ஒரு பொட்டலத்துக்கான கூரியர் செலவு அதன் விலையையே தாண்டுகிறது, ஆகவே இப்போதைக்கு எடுக்கவில்லை" என்று அளவாகச் சொன்னால் யாரும் வருந்த மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவரைவிட, யோசித்து மறுத்தவரிடம் பணம் பத்திரமாக இருக்கும் என்றே அனுபவமுள்ளவர் நினைப்பார்.

ஒவ்வொரு முதலீட்டாளருக்கும் அவரவர் கேட்க விரும்புவதைச் சொல்லும் தனித்தனித் திட்டம் தயாரிப்பது பெரிய தவறு. டர்பனில் வியாபாரிகள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒருவரிடம் 6,00,000 என்றும் மற்றவரிடம் 9,00,000 என்றும் சொன்னது ஒரு கல்யாண வீட்டிலேயே வெளியாகிவிடும். முகவுரைக் கடிதம் மாறலாம். அனுமானமும் எண்ணும் மாறக் கூடாது.

12. எப்போது திருத்துவதை நிறுத்துவது

புதிய சந்திப்புகளில் வரும் ஐயங்கள் அனைத்துக்கும் பதிவேட்டில் ஏற்கெனவே சரிபார்த்த பதில் இருந்தால், திட்டம் போதுமான அளவு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பணம் வரவில்லையென்றால், சிக்கல் பெரும்பாலும் நீங்கள் அணுகும் ஆட்களிலோ தொழில் இன்னும் தொடங்கவே படாததிலோ இருக்கும். அப்போது ஆவணத்தை மூடிவிட்டு, ஓர் இடத்தைப் பகுதி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, அதற்கு நகராட்சிச் சான்றிதழும் பெற்று, இரண்டு கடைகளுக்காவது சரக்கைக் கொடுக்கத் தொடங்குங்கள். மூன்று மாத விற்பனைப் பில்களும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கையில் வந்ததும், அனுமானத் தாளில் "என் ஊகம்" என்றிருந்த வரிகளை ஒவ்வொன்றாக உண்மை எண்ணால் மாற்றி, கணக்கை ஏழாம் படியிலிருந்து மீண்டும் போட்டு, முதலில் தயங்கிய அதே முதலீட்டாளரிடம் சந்திப்புக்கு நாள் கேளுங்கள்.